உயிருடன் பார்த்து வரைந்தது

அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் இருந்த அறையில்தான் அவள் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தாள். கதவில் ‘ஓவியப் பிரிவு’ என்று பலகை தொங்கியது. பிரிவு என்று பெயர்தான் பெரிது. உள்ளே இருந்தது அவள் ஒருத்தி, ஒரு சாய்வு மேசை, கால் ஆடும் ஒரு முக்காலி, சுவர் முழுக்க ஜாடிகள். ஜாடிகளுக்குள் பாம்பும் தவளையும் ஓணானும் ஸ்பிரிட்டில் மிதந்தன. ஒவ்வொன்றாக எடுத்து, ஈரம் ஒற்றி, தட்டில் கிடத்தி, அளந்து, அப்படியே தாளில் இறக்குவது அவள் வேலை.

கையில் பொய் வராதவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். முதுகில் செதில் ஐம்பத்தெட்டு வரிசை என்றால் படத்திலும் ஐம்பத்தெட்டு இருக்கும். யாராவது வேலையற்றுப்போய் எண்ணிப் பார்த்தாலும் ஒன்று குறையாது. “எறும்புக்கு எத்தனை காலுன்னு அவகிட்ட போய்க் கேட்டுடாதீங்க, எந்த எறும்புக்குன்னு கேப்பா” என்று மேல்தளத்துக் குமாஸ்தாக்கள் கேலி செய்வார்கள். அந்தக் கேலி அவளுக்கு உள்ளுக்குள் பிடித்திருந்தது.

நிறம்தான் அவளுக்குத் தீராத தலைவலி. ஸ்பிரிட்டில் ஒரு வருஷம் ஊறினால் பச்சைப் பாம்புக்கும் சிவப்புத் தவளைக்கும் ஒரே நிறம், நனைந்த அட்டைப்பெட்டியின் நிறம். பிடித்து அனுப்பியவர்கள் எழுதிய குறிப்பைப் பார்த்துத்தான் வண்ணம் தீட்ட வேண்டும். குறிப்பில் ‘முதுகு ஒரு மாதிரி பச்சை’ என்று இருக்கும். “ஒரு மாதிரின்னா எந்த மாதிரி?” என்று அவள் தாளைப் பார்த்துச் சண்டை போடுவாள்.

வேலைக்குச் சேர்ந்த பதினோராவது வருஷம், மலைக்காட்டு உயிர்களுக்கென்று ஒரு கையேடு போடுவதாக முடிவாயிற்று. பொறுப்பு காப்பாட்சியருடையது. தடித்த கண்ணாடி போட்டவர் என்பதால் அவருக்கு முதுகுக்குப் பின்னால் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை. அவசரக்காரர். “முதல் பக்கத்துக்கு ஒரு படம் வேணும்மா. பாத்தவன் புத்தகத்தைக் கீழ வைக்கக் கூடாது” என்றார். அதற்காகவே ஒரு பிராணியை உயிரோடு பிடித்துத் தரச் சொல்லி மலைக்கு ஆள் அனுப்பினார்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வனக்காவலர் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். கையில் கம்பிவலை அடித்த மரப்பெட்டி. பெட்டிக்குள் ஒரு கிளை. கிளையில் எதுவும் இல்லை என்றுதான் அவளுக்கு முதலில் பட்டது.

“நல்லாப் பாருங்கம்மா” என்றார் காவலர்.

பார்த்தாள். பாசி படிந்த மரப்பட்டை என்று நினைத்த இடத்தில் ஒரு கண் இருந்தது. துரு நிறத்தில் வளையம் கட்டிய கண். கண்ணுக்கு மேலே வீட்டு முகப்பில் தாழ்வாரம் இறங்குவதுபோல எலும்பு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பிடரியில் சீப்புப் பல் மாதிரி முள்வரிசை. உடம்பு ஒரு சாண், வால் அதைப்போல இரண்டு பங்கு. கழுத்துக்குக் கீழே தோல் பை மடிந்து தொங்கியது. நிறம் என்று தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. பழுப்பு, அதன் மேல் கொஞ்சம் பச்சை, அங்கங்கே சாம்பல் திட்டு.

“நாங்க இதை மரஞ்சுத்தின்னு சொல்லுவோம்” என்றார் காவலர். “நீங்க இந்தப் பக்கம் வந்தா அது அந்தப் பக்கம் போயிடும். நீங்க அந்தப் பக்கம் போனா அது இந்தப் பக்கம். ஓடாது, குதிக்காது. மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டே மெதுவா நகரும். மரத்தை நாள் பூரா சுத்தினாலும் அதோட மூஞ்சியைப் பாக்க முடியாது.”

“சாப்பாடு?”

“எறும்பு, வெட்டுக்கிளி, மண்புழு. அதுவும் தேடிப் போகாது. ஒரே எடத்துல உக்காந்திருக்கும். பக்கத்துல வந்தா டபக்னு புடிச்சுக்கும். பொட்டை முட்டை போடறதுக்கு மட்டும் கீழ இறங்கும். தூங்கறது மெல்லிசான செடி நுனியில. பாம்பு ஏறினா செடி ஆடுமில்ல, உடனே முழிச்சுக்கும்.” வாயிலைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்து சொன்னார்: “ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. மத்த ஓணான் மாதிரி இதை வெயில்ல காயவைக்காதீங்க. இது வெயிலே பாக்காத சாதி. சூடு தாங்காது.”

“சரிங்கண்ணே” என்றாள் அவள். அந்த ‘சரி’ பிற்காலத்தில் எத்தனை முறை காதில் விழுந்தது என்பதற்குக் கணக்கில்லை.

அடுத்த இரண்டு நாள் அருங்காட்சியகத்தில் வெள்ளையடிப்பு. திங்கட்கிழமை படம் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள்.

வீட்டில் அவளும் எட்டு வயது மகளும். கணவர் சரக்கு ரயிலில் கார்டு, அந்த வாரம் வெளியூர். இரண்டாம் மாடியில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஜன்னலுக்குப் பக்கத்தில் சாப்பாட்டு மேசை. மகள் பெட்டியைவிட்டு நகரவில்லை. பூந்தொட்டியைக் கிளறி மண்புழு எடுத்துக் கொடுத்தாள். அது சாப்பிடுகிற வரைக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “அம்மா, இது என்னையே பாக்குது. ஆனா பாக்காத மாதிரி நடிக்குது” என்றாள். சனிக்கிழமை முழுக்க வீட்டில் நல்ல குஷி. அவளும் சட்டுப்புட்டென்று கோட்டு வேலையை முடித்துவிட்டாள். தலை, முள்வரிசை, விரல் நகம், வால் எல்லாம் மயிரிழை பிசகாமல் அமைந்தன.

ஞாயிற்றுக்கிழமை வண்ணம் தீட்ட உட்கார்ந்தபோதுதான் முகம் தொங்கிப்போயிற்று. உண்மையான நிறத்தை உண்மையாகவே தீட்டினால் படம் நனைந்த பலகை மாதிரி இருந்தது. இதைப் பார்த்து யார் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார்கள்? பூதக்கண்ணாடியின் உதட்டுப் பிதுக்கல் இப்போதே கண்ணுக்குத் தெரிந்தது.

மதியம் மழை பிடித்துக்கொண்டது. கூடம் இருட்டிவிட்டது. அவள் மேசை விளக்கை எடுத்து வந்து வைத்தாள், நூறு வாட் பல்பு. கிளையைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசைமேல் ஒரு செம்பில் நிறுத்தினாள். மரஞ்சுத்தி அசையவில்லை. நிழல் சரியாக விழவேண்டும் என்று விளக்கை இன்னும் கிட்டத்தில் இழுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அது நகர ஆரம்பித்தது. ஓடவில்லை. காவலர் சொன்ன மாதிரியே கிளையைக் கட்டிக்கொண்டு மெல்ல மறுபக்கம் போயிற்று. அவள் செம்பைத் திருப்பினாள். அது வெளிச்சத்துக்கு வந்தது. மறுபடியும் நகர்ந்தது. மறுபடியும் திருப்பினாள். எதையும் எண்ணிப் பார்க்கிற பழக்கம் அவள் ரத்தத்தில் ஊறியது. பதினோரு தடவை திருப்பினாள்.

பன்னிரண்டாவது தடவைக்கு அது நகரவில்லை. அப்போதுதான் நிறம் வந்தது.

முதலில் கழுத்துப் பை லேசாக நீலமாயிற்று. மழைக்கால வானத்தில் மேகம் விலகுவது மாதிரி அந்த நீலம் கன்னம் வரைக்கும் ஏறியது. விலாவில் மஞ்சள் பட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. முள்வரிசையின் நுனியில் செம்மை கண்டது. அவள் வாழ்நாளில் எந்த ஜாடியிலும் எந்தக் குறிப்பிலும் பார்க்காத நிறங்கள். அவளுக்குக் கை பரபரத்தது. பழைய தாளை ஒதுக்கிவிட்டு, முந்தின நாளே நகல் எடுத்து வைத்திருந்த இன்னொரு கோட்டுப் படத்தின் மேல் நீலத்தைக் கரைத்து ஊற்றினாள்.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

“அம்மா, அது வாயத் திறந்துக்கிட்டே இருக்கு.”

“ம்.”

“தண்ணி கேக்குதோ என்னவோ.”

“கேக்காது.”

“லைட்ட அணைச்சிடும்மா. அதுக்கு வெக்கையா இருக்கு.”

“அஞ்சு நிமிஷம் கண்ணு. நீ போய் எதிர்வீட்டுல விளையாடிட்டு வா.”

மகள் போனாள். அஞ்சு நிமிஷம் முக்கால் மணி நேரமாயிற்று. வாய் திறந்திருப்பதை அவளும் பார்த்தாள். வயிறு வேகவேகமாக ஏறி இறங்குவதையும் பார்த்தாள். காவலர் சொன்னதும் நினைவில் இருந்தது. மறந்துபோயிற்று என்று சொல்ல அவளுக்கு வாய்ப்பே இல்லை. நீலம் நிற்கிறவரைக்கும் போதும், நீலம் நிற்கிறவரைக்கும் போதும் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. கடைசியாகக் கண்ணின் துரு வளையத்தைத் தீட்டி நிமிர்ந்தபோது வயிறு அசையவில்லை. பிடி மட்டும் தளரவில்லை. கிளையைக் கட்டிக்கொண்டபடியே செத்திருந்தது.

விளக்கை அணைத்தாள். கால் மணி நேரத்தில் நீலமும் மஞ்சளும் வடிந்துபோயின. மிஞ்சியது ஒரு கரிய சாம்பல்.

மகள் திரும்பி வந்தபோது பெட்டி காலியாக இருந்தது.

“காவலர் மாமா வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. காட்டுல விட்டுடுவாரு” என்றாள் தாய்.

“என்கிட்ட சொல்லாமலேயா?” என்று மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “அதே மரத்துலதானே விடுவாரு?”

“அதே மரத்துலதான்.”

மறுநாள் ஒரு துணியில் சுற்றி உடலை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனாள். பூதக்கண்ணாடி அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “எப்படியும் ஜாடிக்குள்ள போகவேண்டியதுதானே, விடும்மா” என்றவர் படத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “இப்படி ஒண்ணு நம்ம காட்டுல இருக்கா!” மேல்தளத்தில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அப்புறம் பேனாவை அவள் கையில் கொடுத்து, “கீழ எழுதிடு, உயிருடன் பார்த்து வரைந்ததுன்னு. அப்பத்தான் மத்த நாட்டுக்காரன் நம்புவான்” என்றார்.

எழுதினாள். எழுத்து ஒன்றுகூடக் கோணவில்லை என்பதுதான் பின்னாளில் அவளுக்கு ஆச்சரியம்.

கையேடு நன்றாகப் போயிற்று. அந்தப் படத்தைப் பெரிதாக்கி அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் மாட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் முன்னால் நின்று வாயைப் பிளந்தார்கள். அவளுக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. அதை அவள் அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். முன்கூடத்து வழியாக வருவதை விட்டுவிட்டு, குப்பை வண்டி வருகிற பின்வாசல் வழியாக வேலைக்கு வரத் தொடங்கினாள். ‘அம்மாவுக்குப் பகட்டே கிடையாது’ என்று காவலாளி அதற்கும் ஒரு நல்ல பெயர் வைத்துக்கொண்டார். மேசை விளக்கைத் தொடுவதில்லை. ஜன்னல் வெளிச்சம் போனால் தூரிகையைக் கழுவி வைத்துவிடுவாள். வேலை தேங்கிற்று. கேட்டவர்களிடம் கண் கூசுகிறது என்று சப்பைக்கட்டு கட்டினாள். யாரும் துருவிக் கேட்கவில்லை. நல்ல பெயர் எடுத்தவளை யார் துருவுவார்கள்? அதுதான் அவளை உள்ளே அரித்தது.

மகள் வளர்ந்தாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள், கல்யாணம் பண்ணிக்கொண்டாள், ஒரு குழந்தை பிறந்தது. மாப்பிள்ளையிடம் முதன்முதலில் சொன்ன கதைகளில் ஒன்று, வீட்டுக்கு விருந்தாளியாக வந்து மூன்று நாள் தங்கிவிட்டுக் காட்டுக்குத் திரும்பிப்போன மரஞ்சுத்தியின் கதை. அதைச் சொல்லும்போதெல்லாம் தாய் சமையலறைக்குள் போய் எதையாவது உருட்டுவாள்.

பத்தொன்பது வருஷம் இப்படியே ஓடிற்று. ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கும்போது ஓர் ஆராய்ச்சியாளர் அவளைத் தேடிக் கீழ்த்தளத்துக்கு வந்தாள். முப்பது வயதுப் பெண். காலில் சேறு படிந்த பூட்ஸ், கையில் கந்தலாகிப்போன கையேடு.

“மேடம், நீங்கதானே இதை வரைஞ்சது? இது எந்தச் சரிவுல கிடைச்சதுன்னு ஞாபகம் இருக்கா?”

“கிழக்குச் சரிவுன்னு காவலர் சொன்னாரு. ஏன்?”

“அங்கதான் புது ரோடு வருது. போன வருஷம் கணக்கெடுப்புக் குழு நாப்பது நாள் நடந்தாங்க. இந்தப் புத்தகத்தைக் கையில வச்சுக்கிட்டு மரம் மரமாப் பாத்தாங்க. நீலத் தொண்டை ஒண்ணுகூட இல்ல. அழிஞ்சுபோச்சுன்னு எழுதிக் குடுத்துட்டாங்க. அதனால ரோட்டுக்குத் தடை சொல்ல ஒண்ணும் இல்லாம போச்சு.”

அவள் தூரிகையைக் கீழே வைத்தாள். மெதுவாகக் கேட்டாள்: “பழுப்பா, பாசி மாதிரி... அப்படி ஏதாவது பாத்தாங்களா?”

“ஓ, அது நிறைய. எழுபது, எண்பது இருக்கும். அது வேற ஏதோ சாதாரண ஓணான்னு ஒதுக்கிட்டாங்க. நீங்க வரைஞ்சதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே.”

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். ஒரு வாக்கியம் போதும். அவள் வாயைத் திறந்தாள். மேசைமேல் விரிந்து கிடந்த கையேட்டில், படத்தின் அடியில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். ‘உயிருடன் பார்த்து வரைந்தது.’ “யோசிச்சுச் சொல்றேம்மா” என்றாள். அந்தப் பெண் தொலைபேசி எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பதினாறு நாள் அவள் யோசித்தாள். யோசித்தாள் என்பதுகூட மரியாதைக்குச் சொல்வதுதான். உண்மையில் ஒளிந்துகொண்டிருந்தாள். ஓய்வு பெறப்போகிற நேரத்தில் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டுமா? மகள் என்ன நினைப்பாள்? ஒரு படத்தைப் பார்த்தா ரோடு போடுகிறார்கள்? நாளொரு காரணம் கிடைத்தது. பதினேழாம் நாள் காலையில் செய்தித்தாளில் ஒரு சின்ன படம். கிழக்குச் சரிவில் வேலை தொடங்கிவிட்டது. வெட்டிப்போட்ட மரங்களுக்கு நடுவே ஒரு மஞ்சள் இயந்திரம். முன்பு இருட்டாக இருந்த தரையில் பளீரென்று வெயில்.

அவள் சாப்பிட எடுத்ததை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்த் தொலைபேசியைச் சுழற்றினாள்.

“நீங்க பாத்த பழுப்பு ஓணான்தாம்மா அது” என்றாள். “நான் வரைஞ்சது அது சாகும்போது. நான்தான் சாகடிச்சேன்.”

ஆராய்ச்சியாளர் கேட்டாள்: “நீங்க இதை எழுத்துல குடுப்பீங்களா?”

“குடுக்கறேன். அதுக்கு முன்னால ஒரு தடவை என்னை அங்க கூட்டிட்டுப் போங்க. அதை அதோட எடத்துல நான் பாத்ததே இல்ல.”

இரண்டு நாள் கழித்து மலைக்குப் போனார்கள். வனக்காவலர் இன்னும் அங்கேதான் இருந்தார். தலை நரைத்திருந்தது, ஒல்லி மாறவில்லை. அவளை உடனே அடையாளம் கண்டுகொண்டார். வெட்டுப்பட்ட இடத்தைத் தாண்டிக் காட்டுக்குள் நுழைந்ததும் குளிர்ச்சி வந்து மூடிக்கொண்டது. காவலர் ஒரு மரத்தைக் காட்டினார். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

“நீங்க இங்கேயே நில்லுங்க, நான் அந்தப் பக்கம் போறேன்” என்று மரத்தைச் சுற்றிக்கொண்டு போனார்.

அவர் அந்தப் பக்கம் போகப் போக, மரப்பட்டையின் ஓரத்தில் ஒரு தாழ்வார எலும்பு தெரிந்தது. பிறகு துருக் கண். பிறகு முழு உடம்பு, சத்தமில்லாமல், அவசரமில்லாமல், மரத்தைத் தழுவியபடி அவளை நோக்கி வந்து நின்றது. பழுப்பும் பாசியும் சாம்பலும். கழுத்துப் பையில் மருந்துக்குக்கூட நீலம் இல்லை. மேலிருந்து சொட்டிய நீர் அதன் முதுகில் விழுந்து வழிந்தது. அவள் ஒதுக்கித் தள்ளிய அந்த முதல் தாளின் நிறம் இதேதான்.

அவள் வேருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணே, அந்தப் படத்தை நீங்க பாத்தீங்களா?”

“புத்தகம் வந்தப்பவே பாத்தேன்மா. பாத்ததும் தெரிஞ்சிடுச்சு, சூட்டுல விட்டுட்டீங்கன்னு. எப்பவாவது ஒண்ணு வழி தவறி பாதையில வெயில்ல மாட்டிக்கிட்டா, உசுரு போறப்ப அப்படித்தான் நீலமாயிடும்.”

“ஏன் சொல்லல நீங்க?”

“என்கிட்ட யாரு கேட்டா?” என்றார் காவலர். அதில் கோபம் இல்லை. “பெரிய புத்தகம். பெரியவங்க போட்டது. நான் போய்ச் சொன்னா கேப்பாங்களா? நீங்களே உயிரோட பாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்க.” பிறகு வெட்டுப்பட்ட பக்கம் திரும்பிப் பார்த்தார். “மரம் போனதுகூடப் பரவாயில்லம்மா. அந்த வெயில் நூறு அடி உள்ள வந்துடுதே. ஓரத்து மரத்துல இருந்ததெல்லாம் இப்ப இல்ல.”

“எத்தனை இருக்கும்?”

“எண்ணல. எண்ணி என்ன செய்யப் போறேன்?”

அவள் கடிதம் எழுதினாள். நான்கு பக்கம். விளக்கின் வாட், மேசையிலிருந்து அதன் தூரம், காவலர் எச்சரித்தது, செம்பைப் பதினோரு தடவை திருப்பியது, பதினாறு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது எல்லாவற்றையும் எழுதினாள். ‘அறியாமல் நடந்துவிட்டது’ என்று ஒரு வரி முதலில் எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டுத்தான் அனுப்பினாள்.

ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த பூதக்கண்ணாடி தொலைபேசியில் கத்தினார். “ஒரு படத்துக்காக முழுப் புத்தகத்தையும் சந்திக்கு இழுத்துட்டியே! இனி எதை நம்புவான்?”

“மத்ததெல்லாம் சரியா இருக்குன்னும் எழுதியிருக்கேன் சார்.”

“எவன் அதைப் படிப்பான்?”

அவர் சொன்னதும் பொய்யில்லை. ஒரு பத்திரிகை அவளைப் பற்றிக் கேவலமாக எழுதிற்று. முன்கூடத்துப் படத்தைக் கழற்றினார்கள். மேல்தளத்துக் குமாஸ்தாக்கள் எறும்புக் கேலியை நிறுத்திவிட்டார்கள். விசாரணைக் கூட்டத்தில் ஓர் அதிகாரி, “இப்ப ஏன் சொல்றீங்க? பத்தொம்பது வருஷம் என்ன செஞ்சீங்க?” என்று கேட்டார். “பயந்தேன்” என்றாள்.

மறு கணக்கெடுப்பு நடந்தது. இந்த முறை வழிகாட்டியாகக் காவலரை முன்னால் விட்டார்கள். இருபது நாளில் நூற்றுப் பதிமூன்று மரஞ்சுத்திகள். ரோட்டை மேல்சரிவிலிருந்து நகர்த்தி, பழைய மாட்டுவண்டித் தடத்தோடு சேர்த்துவிட்டார்கள். கீழ்ச்சரிவில் ரோட்டுக்காக வெட்டிய காட்டுப் பட்டை வெட்டியதுதான். அங்கே புல் முளைத்து, வெயிலில் காய்கிற சாதாரண ஓணான்கள் குடியேறிவிட்டன. தான் முதல் நாளே பேசியிருந்தால் அந்தப் பட்டை தப்பியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும். ஆராய்ச்சியாளர் ஆறுதலுக்காக, “ஆர்டர் முன்னாடியே போட்டாச்சு மேடம், உங்களால நிறுத்தியிருக்க முடியாது” என்றாள். அவள் தலையாட்டினாள். நம்பவில்லை.

கடிதத்தை அனுப்புவதற்கு முந்தின நாளே மகளிடம் சொல்லிவிட்டாள். பத்திரிகையில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதற்காக, மகள் வேலை செய்யும் கடைக்குப் போய், மதிய இடைவேளையில் வெளியே பெஞ்சில் உட்காரவைத்துச் சொன்னாள். மகள் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடிச் சட்டத்தைக் கையிலேயே வைத்திருந்தாள்.

“அப்ப காவலர் மாமா வரவே இல்லையா?”

“வரல.”

“நான் எதிர்வீட்டுல இருந்தப்ப...”

“ஆமா.”

“நான் சொன்னேனேம்மா லைட்டை அணைக்கச் சொல்லி.”

“சொன்னே.”

மகள் எழுந்து நின்றாள். “செத்துப்போச்சுன்னு சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன். ரெண்டு நாள் உன்மேல கோவமா இருந்திருப்பேன். அவ்வளவுதானே? இத்தனை வருஷம் ஊர்ல இருக்கிறவங்ககிட்டல்லாம் நான் அந்தப் பொய்யச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.” சட்டத்தை மேல்துணியில் அழுத்தித் துடைத்தாள். “எனக்கு உள்ள ஆள் காத்துக்கிட்டிருக்காங்க” என்று போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஏழு வாரம் மகளிடமிருந்து பேச்சு இல்லை. மாப்பிள்ளைதான் இரண்டு முறை கூப்பிட்டு, “கொஞ்சம் டைம் குடுங்கத்தை” என்றார். கணவர், “பெத்த பொண்ணு, எங்க போயிடப் போறா?” என்று சொல்லிப் பார்த்தார். அவரிடமும் அவள் அந்த வருஷம்தான் உண்மையைச் சொல்லியிருந்தாள். அவர், “அதான் வீட்டுல அந்த விளக்கு காணாம போச்சா” என்றார்.

கடைசி வருஷம் முழுக்க அவள் புதிய படத்தை வரைந்தாள். காட்டிலேயே, கித்தான் விரிப்பில் உட்கார்ந்து, எட்டு முறை போய் வந்து முடித்தாள். புதிய காப்பாட்சியர் அதைப் பார்த்துவிட்டு, “கொஞ்சம் டல்லா இருக்கே” என்றார். ஆனாலும் அச்சுக்கு அனுப்பிவிட்டார். புத்தகம் வந்தது. அதைப் பார்த்து யாரும் நாற்காலியிலிருந்து எழுந்ததாகத் தகவல் இல்லை.

அந்தப் படம் முடிவதற்கு வெகு முன்னாலேயே, மகள் பேச்சை நிறுத்திய எட்டாவது வாரம், ஒரு காலையில் தொலைபேசி அடித்தது. மகள்.

“குழந்தைக்குக் காய்ச்சல். ராத்திரியெல்லாம் அழுதுது. மருந்து குடுத்தா துப்பிடுறா. நீ எப்படிக் குடுப்பே எனக்கு?”

“கன்னத்து ஓரமா விடணும். நாக்குமேல விட்டா துப்பும்.”

“எவ்வளவு நேரம் பாக்கிறது? டாக்டர்கிட்ட போகவா?”

“காத்திருக்காதே. இப்பவே போ” என்றாள் தாய். “நான் வரட்டுமா?”

பின்னால் குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது.

“வா” என்றாள். “நேரா ஆஸ்பத்திரிக்கே வந்துடு.”

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.